குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குக் காவல் நாய்: இராமநாதபுரம் கடற்கரைக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

தொண்டி முதல் சாயல்குடி வரை உள்ள கடற்கரை ஊர்களில் காவல் நாய் தேடும் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தைத்தான் சொல்கின்றன. வீட்டு ஆண்கள் இரவில் கடலுக்குப் போய்விடுகிறார்கள், அல்லது வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கிறார்கள். வீட்டில் பெண்களும் முதியவர்களும் பிள்ளைகளும் மட்டும் இருக்கிறார்கள். இந்தக் கவலை முற்றிலும் நியாயமானது. ஆனால் இந்தக் கவலையின் வேகத்தில் கிடைப்பவற்றிலேயே முரட்டு நாயாகப் பார்த்து வாங்கிவந்தால், எப்போதோ ஒரு நாள் வரக்கூடிய திருடனுக்கு அஞ்சி, ஒவ்வொரு நாளும் பிள்ளைகளோடு இருக்கப்போகும் ஆபத்தை வீட்டுக்குள் கொண்டுவந்ததாகிவிடும். நாய்க்கடிக்கு ஆளாகும் சிறு பிள்ளைகளில் பலரைக் கடிப்பது அவர்களுக்கு முன்பே பழக்கமான நாய்தான் என்பதையும், பிள்ளையின் உயரம் காரணமாக அந்தக் கடி முகத்திலும் தலையிலும் கழுத்திலும் விழுகிறது என்பதையும் நாய் வாங்கும் முன்பே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

ஒரு குடும்பத்துக்கு வேண்டிய காவல் நாய்க்கு மூன்று குணங்கள் போதும். அந்நியர் வருவதை அது முதலில் உணர வேண்டும். உணர்ந்ததைக் குலைத்துத் தெரிவிக்க வேண்டும். வீட்டார் போதும் என்று சொன்னால் அடங்க வேண்டும். கடிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது இந்தப் பட்டியலில் இல்லை. இருட்டில் வேலி தாண்ட நினைப்பவன் குலைப்புச் சத்தம் கேட்டாலே வேறு வழி பார்ப்பான், ஏனென்றால் அந்தச் சத்தத்தில் வீட்டாரும் பக்கத்து வீட்டாரும் விழித்துக்கொள்வார்கள்.

முதல் படி: வாசலுக்கு யார் யார் வருகிறார்கள் என்று எழுதுங்கள்

இனத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, ஒரு வாரத்தில் உங்கள் வாசலுக்கு வருபவர்கள் எல்லாரையும் நேரத்தோடு எழுதிப் பாருங்கள். காலையில் மீன் கூடையோடு வரும் அம்மா, பால்காரர், குடங்களை அடுக்கிய தள்ளுவண்டியோடு தண்ணீருக்குப் போகும் பெண்கள், முற்றத்தின் குறுக்கே ஓடிப்போகும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், வலை கட்ட வரும் ஆட்கள், கடலுக்குக் கிளம்ப அழைப்பதற்காக நள்ளிரவுக்கு மேல் வந்து கதவைத் தட்டும் படகுக் கூட்டாளி என்று அந்தப் பட்டியல் நீளும். இராமேசுவரம் கோவிலை ஒட்டிய தெருக்களில் இருப்பவர்களுக்கு யாத்திரிகர்களும் சேர்வார்கள்.

இந்தப் பட்டியல்தான் உங்களுக்கு எந்த நாய் ஏற்றது என்பதைச் சொல்லும். தோட்டத்தின் நடுவே தனித்து நிற்கும் வீட்டுக்கு, எவரையும் அண்டவிடாத நாய் பொருந்தக்கூடும். மீனவர் குடியிருப்பிலோ நிலைமை வேறு. அங்கே இரவு என்பது வேலை நேரம். இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் ஆட்கள் நடந்துபோவார்கள், மீன் ஏற்றும் வண்டிகள் வரும், கரையில் டார்ச் வெளிச்சம் அலையும். அத்தனைக்கும் குலைக்கும் நாயை அக்கம்பக்கத்தார் பொறுத்துக்கொள்ளமாட்டார்கள். சில வாரங்களில் வீட்டாரே அதன் குலைப்பைக் காதில் போட்டுக்கொள்ளமாட்டார்கள், அதன்பிறகு அந்த நாயால் காவல் பயன் ஏதும் இல்லை. ஆகவே கடலோரக் குடியிருப்பில் இருப்பவர்கள் தெருவையும் தங்கள் வேலியையும் வேறுபடுத்தி அறியக்கூடிய, நிதானமான நாயைத்தான் தேட வேண்டும்.

யார் நாயைப் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்பதையும் இதே தாளில் எழுதுங்கள். கணவர் விரும்பி வாங்கிய பெரிய நாயை, அவர் ஊரில் இல்லாத மாதங்களில் வயதான தாயார் கட்டிப்பிடித்து நிறுத்த வேண்டியிருக்கும் என்றால், அது தவறான தேர்வு. நாயோடு அதிக நேரம் இருக்கப்போகிறவரின் கைக்கு அடங்கும் உடல் வலிமையே அந்த வீட்டு நாய்க்கு எல்லை. சமய வழக்கம் காரணமாக நாயை வீட்டுக்குள் விடாத குடும்பங்கள் இந்தக் கரையில் நிறைய உண்டு. அவர்களும் முற்றத்தில் நிழலும் கொட்டகையும் அமைத்து நன்றாக நாய் வளர்க்கலாம்; ஆனால் நாள்தோறும் அதனோடு நேரம் செலவிட ஒருவர் பொறுப்பேற்றாக வேண்டும்.

இரண்டாம் படி: இனத்தைத் தேர்ந்தெடுத்தல்

நம் மாநிலத்து நாய்களிலிருந்தே தொடங்கலாம். இராஜபாளையம் நாய் வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் நீண்ட கால்களும் உடையது. இந்திய அஞ்சல் துறை 2005ஆம் ஆண்டு ஜனவரியில் நாய் இனங்களுக்காக வெளியிட்ட நான்கு தபால் தலைகளில் ஒன்றில் இடம்பெற்ற பெருமை அதற்கு உண்டு. காவலுக்கு மிகவும் திறமையானது; அதேசமயம் ஒருவரையோ ஒரு குடும்பத்தையோ மட்டும் பற்றிக்கொண்டு வெளியாட்களை எளிதில் ஏற்காத இயல்பும் அதற்கு உண்டு. வருவோர் போவோர் மிகுந்த வீட்டுக்கு இது சிரமம் தரும். வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிட்டுத்தன்மையும் இந்த இனத்தில் தொடர்ந்து வருவதால், வாங்கும் முன் குட்டியின் காதைச் சோதிக்காமல் முடிவு செய்யக் கூடாது. காது கேளாத நாய் தூக்கத்தில் பிள்ளை தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கக்கூடும். காவலுக்கும் அது உதவாது.

சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வேட்டைக்காக வளர்க்கப்பட்ட மெலிந்த, வேகமான நாய்கள். வீட்டாரிடம் மென்மையாக இருக்கும், வெயிலை நன்றாகத் தாங்கும், உணவும் அதிகம் கேட்காது. கன்னி பொதுவாகக் கூச்ச சுபாவம் உள்ளது, தானாகப் பாய்ந்து தாக்குவது அரிது. அதனால் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இரண்டில் கன்னியையே நான் முன்வைப்பேன். இவை இரண்டிலும் உள்ள பெரிய தொல்லை, ஓடுகிற எதையும் துரத்தும் இயல்பு. கோழியும் வெள்ளாடும் கட்டவிழ்ந்து திரியும் ஊரில், சிறு வயதிலேயே அவற்றோடு பழக்காத வேட்டை நாய் முதல் வாரத்திலேயே பக்கத்து வீட்டாரோடு பகையை உண்டாக்கிவிடும். நன்றாக ஓடவிட இடமில்லாத ஒடுக்கமான வீடுகளும் இவற்றுக்கு ஏற்றவையல்ல.

தேனி மாவட்டத்துக் கோம்பை, செந்நிறமும் கருமுகமும் கொண்ட வலிமையான நாய். காட்டுப்பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் பெயர்பெற்றது. முதல்முறை நாய் வளர்ப்பவர்களுக்கு, அதுவும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு, கோம்பை வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. நம் மாவட்டத்தில் மண்டை நாய் என்று வழங்கப்படும் நாய்களையும் சிலர் பெருமையோடு வைத்திருக்கிறார்கள். அவற்றில் குட்டி எடுப்பதானால் பெயரைக் கேட்டு முடிவு செய்யாமல், தாய் நாயின் குணத்தை நேரில் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

வெளிநாட்டு இனங்களில் ஜெர்மன் ஷெப்பர்ட் புத்திசாலி, கற்றுக்கொடுத்ததைச் செய்யும், குடும்பத்தோடு ஒட்டும். ஆனால் அதன் இரட்டை அடுக்கு மயிர் குளிர் நாட்டுக்கு உரியது. சித்திரை வெயிலும் கடல் ஈரப்பதமும் சேரும் நம் கரையில் அதை வளர்ப்பவர்கள் பகல் முழுவதும் நிழலும் மின்விசிறியும் தந்தாக வேண்டும். இடுப்பு மூட்டுக் கோளாறும் இந்த இனத்தில் பரம்பரையாக வருவது. லாப்ரடார் நல்ல வீட்டு நாய், பிள்ளைகளிடம் பொறுமையாக இருக்கும்; காவல் நாய் என்று மட்டும் அதை எண்ண வேண்டாம், ஏனெனில் பெரும்பாலான லாப்ரடார்கள் வந்தவனை வாலாட்டி வரவேற்கும். டாபர்மேனுக்கு வெயில் அவ்வளவு தொல்லை தராது, ஆனால் நாள்தோறும் உடற்பயிற்சியும் கவனமும் கிடைக்காவிட்டால் பதற்றம் பிடித்ததாகிவிடும்.

ராட்வைலர், பிட்புல் போன்றவற்றைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். 2024 மே மாதம் சென்னையில் ஒரு பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைத் தாக்கிப் படுகாயப்படுத்தின. அதற்கு இரண்டு மாதம் முன்பு, மார்ச்சில், மத்திய கால்நடைத் துறை 23 இனங்களைப் பட்டியலிட்டு அவற்றின் வளர்ப்பையும் விற்பனையையும் தடுக்கும்படி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டம் எப்படி இருந்தாலும் புதியவர் தமக்குத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த நாய் ஒரே ஒருமுறை தவறு செய்தால் அதன் தாடை வலிமைக்கு விளைவு என்னவாக இருக்கும்? அந்த விளைவைத் தாங்க முடியாத வீட்டில் அந்த நாய் இருக்கக் கூடாது.

இத்தனையும் பார்த்த பிறகு, இந்தக் கடற்கரையில் முதல்முறை நாய் வளர்க்கும் குடும்பத்துக்கு நான் பரிந்துரைப்பது, சிறு வயதிலிருந்தே வீட்டில் வளர்ந்து கருத்தடை செய்யப்பட்ட, நடுத்தர உடலுள்ள பெட்டை நாட்டு நாயைத்தான். இந்த வெயிலுக்கும் இந்த உணவுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பழகிய உடல் அது. காது கூர்மையானது, அந்நியரைக் கண்டால் சற்று விலகி நின்று குலைப்பதே அதன் இயல்பு, ஒரு குடும்பத்துக்கு வேண்டிய காவலும் அதுதான். பெட்டை நாய் என்றால் குட்டிகள் பெருகும் என்று தயங்குகிறவர்கள் கருத்தடை செய்துகொண்டால் போதும். நாட்டு நாய்களைத் தெருவில் கூட்டமாகத் திரியவிட்டால் மட்டும் குணம் மாறும். கூட்டத்தில் சேர்ந்த நாய், தனியாக இருக்கும்போது செய்யாததைச் செய்யும். இரவில் வேலிக்குள் அடைத்தே வைத்திருக்க வேண்டும்.

மூன்றாம் படி: குட்டியைவிடத் தாயைப் பாருங்கள்

குட்டியின் முகத்தைப் பார்த்து மயங்காதவர்கள் குறைவு. ஆனால் அந்தக் குட்டி இரண்டு வயதில் எப்படி இருக்கும் என்பதற்குக் கையில் கிடைக்கும் சிறந்த சான்று அதன் தாய். எனவே தாயைக் காட்ட மறுப்பவரிடம் குட்டி வாங்காதீர்கள். புகைப்படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பிப் பேருந்தில் குட்டியை வரவழைப்பதும் வேண்டாம். நேரில் போய், தாய் நாய் உங்களை எப்படி எதிர்கொள்கிறது என்று கவனியுங்கள். குட்டிகளோடு இருக்கும் தாய் சற்றுக் குலைப்பதும் தடுத்து நிற்பதும் இயல்பு. உரிமையாளர் வந்து சமாதானப்படுத்தியதும் அது அடங்கி உங்களை மோப்பம் பிடித்துப் பார்த்தால் அது நல்ல அறிகுறி. நெடுநேரமாகியும் அடங்காமல் பாய்ந்துகொண்டே இருந்தாலும், வாலை இடுக்கிக்கொண்டு மூலையில் நடுங்கினாலும், அந்த ஈற்றை விட்டுவிடுவது நல்லது. அச்சத்தால் கடிக்கும் நாய்தான் எப்போது கடிக்கும் என்று கணிக்க முடியாத நாய்.

குட்டிக்கு எட்டு வாரம் நிறைந்திருக்க வேண்டும். நாய் வளர்ப்பு மற்றும் விற்பனை தொடர்பாக 2017இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளும் அதற்குக் குறைந்த வயதுக் குட்டிகளை விற்கக் கூடாது என்கின்றன. விற்பனைக்காக நாய் வளர்ப்பவர்கள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதும் அந்த விதிகளில் உண்டு. எட்டு வாரம் என்பது வெறும் சட்டக் கணக்கல்ல. தாயோடும் உடன்பிறப்புகளோடும் விளையாடும் அந்த வாரங்களில்தான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றவருக்கு வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. முப்பது நாளில் தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குட்டிக்கு அந்தப் பாடம் கிடைப்பதில்லை, பிறகு உங்கள் பிள்ளையின் கையில்தான் அது கற்றுக்கொள்ளும்.

ஒரே ஈற்றுக் குட்டிகளைச் சேர்த்து ஓடவிட்டு அரை மணி நேரம் அமைதியாகப் பாருங்கள். எல்லாவற்றையும் தள்ளிவிட்டு முன்னால் பாய்வதும் வேண்டாம், ஒதுங்கி ஒளிவதும் வேண்டாம். விளையாடிவிட்டு உங்களிடமும் வந்து பார்க்கும் இடைப்பட்ட குட்டியே குடும்பத்துக்கு ஏற்றது. சற்றுத் தள்ளி ஓர் எவர்சில்வர் தட்டைக் கீழே போடுங்கள். திடுக்கிடுவது தவறல்ல, சிறிது நேரத்தில் தேறி வந்து தட்டை முகர்ந்து பார்க்கிறதா என்பதுதான் கேள்வி. குட்டி வேறு பக்கம் பார்த்திருக்கும்போது, தரை அதிராமலும் காற்று படாமலும் பின்னாலிருந்து கைதட்டிக் காதைச் சோதியுங்கள். பிறகு மெதுவாகத் தூக்கி மடியில் மல்லாக்க வைத்துக்கொள்ளுங்கள். சிறிது திமிறிவிட்டு அடங்கினால் நல்லது. இந்தச் சோதனைகள் குட்டியின் வருங்காலத்தை முழுவதுமாகச் சொல்லிவிடாது, ஆனால் மோசமான தேர்வைத் தவிர்க்க உதவும்.

கைக்குழந்தையோ தவழும் குழந்தையோ உள்ள வீடுகளில் இன்னொரு வழியை யோசித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். குட்டிக்குப் பதிலாக, இரண்டு மூன்று வயதான, பிள்ளைகளோடு வாழ்ந்து பழகிய நாயை எடுக்கலாம். காவல் இயல்பும் கோபமும் ஒன்றரை வயதுக்கு மேல்தான் நாயிடம் முழுமையாக வெளிப்படும்; குட்டியிடம் ஊகிக்க வேண்டியதை வளர்ந்த நாயிடம் கண்ணால் பார்த்துவிடலாம். வெளிநாடு செல்லும் குடும்பங்கள் நாயை ஒப்படைக்க இடம் தேடுவது இந்தப் பக்கத்தில் வழக்கமாக நடப்பது. அப்படி ஒரு நாயைப் பார்க்கப் போகும்போது, பழைய வீட்டாரிடம் ஏன் கொடுக்கிறீர்கள் என்றும், யாரையாவது பல்லால் தொட்டிருக்கிறதா என்றும் நேராகக் கேளுங்கள். நாலைந்து முறை, வெவ்வேறு நேரங்களில் போய்ப் பாருங்கள். சாப்பிடும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் நடந்தால் உடம்பு விறைத்து உறுமுகிறதா, பெருக்குமாற்றைக் கையில் எடுத்தால் மிரள்கிறதா, பிள்ளைகள் கத்தி ஓடும் சத்தத்துக்கு என்ன செய்கிறது என்று பெரியவர்கள்தான் சோதிக்க வேண்டும். உங்கள் பிள்ளையை முன்னே நிறுத்திச் சோதிக்கவே கூடாது.

நான்காம் படி: நாய் வருவதற்கு முன் வீட்டைத் தயார் செய்தல்

நம் ஊர்களின் பனையோலை வேலியும் கருவேல முள் வேலியும் ஆட்டைத் தடுக்கும், நாயைத் தடுக்காது. தரை மணலாக இருப்பதால் ஒரே இரவில் வேலிக்கு அடியில் பள்ளம் தோண்டி வெளியேறிவிடும். கம்பி வலையை அரை அடியாவது மண்ணுக்குள் புதைத்து, அதன் அடியில் கல் பரப்ப வேண்டும். வாசல் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்படி இருந்தால் பல விபத்துகள் தவிரும். முற்றத்தில் நாய் இருக்கும் பகுதிக்கும், வெளியாட்கள் நின்று பேசும் இடத்துக்கும் நடுவே தடுப்பு ஒன்று இருக்கட்டும்.

நாய்க்கு நாள் முழுவதும் நிழல் விழும் இடம் வேண்டும். தகரக் கொட்டகை வேண்டாம், ஓலைக் கொட்டகையே குளிர்ச்சி. உவர்நீர் கிணறுகள் மிகுந்த பகுதி என்பதால், வீட்டார் குடிக்கும் தண்ணீரையே நாய்க்கும் வைக்க வேண்டும். கடல் காற்றில் இரும்புச் சங்கிலியும் அதன் கொக்கியும் விரைவில் துருப்பிடித்து, ஒரு நாள் நாய் இழுக்கும்போது அறுந்துவிடும். பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகுக் கொக்கிகளையே வாங்கி, மாதம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

கட்டிப்போட்டே வளர்த்தால்தான் கோபம் வரும், கோபம் இருந்தால்தான் காவல் என்ற எண்ணம் இன்னும் நம்மிடையே இருக்கிறது. இது நாய்க்கும் கேடு, வீட்டுக்கும் கேடு. விலக வழியில்லாத நாய் அஞ்சினால் பாய்வதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது. கட்டப்பட்ட நாயின் வட்டத்துக்குள் பந்தெடுக்கப் போன பிள்ளை கடிபடுவது இப்படித்தான். நீண்ட நேரம் குறுகிய சங்கிலியில் கட்டி வைப்பது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

ஐந்தாம் படி: முதல் மாதங்கள்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் தொழில் செய்யும் குடும்பங்களுக்குக் குட்டி கொண்டுவர இது நல்ல சமயம்: ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், பள்ளி விடுமுறையும் சேர்ந்து வரும், குட்டி எல்லாருடைய குரலுக்கும் ஒரே சமயத்தில் பழகும். கத்திரி வெயில் மட்டும் கடுமையாக இருக்கும் என்பதால் உச்சிப்பொழுதில் குட்டியை வெளியே விடக் கூடாது.

பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காவது வாரம் வரை குட்டி எதையெல்லாம் அமைதியாகப் பார்த்துப் பழகுகிறதோ, அவற்றை ஆயுள் முழுவதும் இயல்பானவையாக ஏற்கும். வீட்டுக்கு வந்தபின் உங்களுக்குக் கிடைப்பது இந்தக் காலத்தின் பிற்பாதி மட்டுமே. அதற்குள் தாடி வைத்தவர், தலைக்கவசம் போட்டவர், பர்தா அணிந்தவர், கைத்தடி ஊன்றி நடப்பவர், மீன் கூடை சுமப்பவர், ஓடும் பிள்ளைகள், ஆடு, கோழி என்று அத்தனையையும் காட்ட வேண்டும். தடுப்பூசி முடியும் முன் தெருவில் இறக்கிவிட்டால், குட்டிகளின் உயிருக்கே ஆபத்தான பார்வோ என்னும் வைரஸ் நோய் தொற்றக்கூடும். ஆகவே கையிலோ கூடையிலோ தூக்கிச் சென்று காட்டுங்கள். தேவாலயத் திருவிழா வெடிகளுக்கும் ஏர்வாடி சந்தனக்கூட்டின் மேளத்துக்கும், தொலைவிலிருந்து கேட்கவைத்துப் படிப்படியாகப் பழக்குங்கள். எல்லாரையும் பார்த்துப் பழகிய நாய் காவல் காக்காது என்பது தவறான அச்சம். இயல்பான நடமாட்டம் எது என்று தெரிந்த நாய்க்குத்தான் இயல்பல்லாதது எது என்று தெரியும்.

கட்டளைகள் நான்கு போதும்: வா, இரு, விடு, போதும். வீட்டில் எல்லாரும் அதே சொற்களையே சொல்ல வேண்டும். நாய் குலைத்ததும் ஒருவர் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். வந்தவர் தெரிந்தவர் என்றால் ‘போதும்’ என்று சொல்லி, அடங்கியதும் ஒரு துண்டு கருவாட்டை அல்ல, உப்பில்லாமல் அவித்த மீன் துண்டைக் கொடுக்க வேண்டும். குலைத்தால் வீட்டார் வருவார்கள், வீட்டார் வந்தால் தன் வேலை முடிந்தது என்று நாய் கற்றுக்கொள்வதே காவல் பயிற்சியின் சாரம். எவரையும் காட்டிச் சூ விடுவதும், துணியைச் சுற்றிய கையைக் கடிக்கவிட்டுப் பழக்குவதும், பிச்சை கேட்டு வருபவர் மீது உசுப்பிவிடுவதும் கூடவே கூடாது. மனிதரைக் கடித்தால் பாராட்டு கிடைக்கும் என்று ஒருமுறை தெரிந்த நாய்க்கு, எந்த மனிதர் என்ற வேறுபாட்டை நம்மால் கற்றுக்கொடுக்க முடியாது.

ஆறாம் படி: நாயும் பிள்ளைகளும்

ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளையையும் நாயையும், எத்தனை வருடம் பழகிய நாயாக இருந்தாலும், பெரியவர் இல்லாமல் ஒன்றாக விடக் கூடாது. இந்த விதிக்கு விலக்கே கிடையாது. சாப்பிடும் நாய், தூங்கும் நாய், குட்டிகளோடு இருக்கும் நாய், இவற்றின் பக்கம் போகக் கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கழுத்தைக் கட்டிப்பிடிப்பதையும் முகத்தோடு முகம் வைப்பதையும் பெரும்பாலான நாய்கள் சகித்துக்கொள்கின்றனவே தவிர விரும்புவதில்லை.

கடிக்கு முன் நாய் பலமுறை எச்சரிக்கிறது. தலையைத் திருப்பிக்கொள்ளும், பசியில்லாமலே உதட்டை நக்கும், தூக்கமில்லாமலே கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை தெரியும்படி ஓரமாகப் பார்க்கும், உடம்பு விறைத்து அசையாமல் நிற்கும், பிறகுதான் உறுமும். இவற்றில் எதைக் கண்டாலும் பதறாமல் பிள்ளையை அப்புறப்படுத்துங்கள். உறுமியதற்காக நாயை அடிக்காதீர்கள். அடிபட்ட நாய் உறுமுவதை விட்டுவிடும், அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் கடிக்கும்.

கடற்கரைக்கே உரிய சில எச்சரிக்கைகள்

வலையிலிருந்து கழித்துக் கரையில் எறியப்படும் மீன்களில் பேத்தை இருக்கும். அதன் நஞ்சு நாயைச் சில மணி நேரத்தில் கொன்றுவிடக்கூடியது. சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. இரை குத்திய தூண்டில் முள்ளையும் நாய் அப்படியே விழுங்கிவிடும். ஆகவே கரையில் கயிறு இல்லாமல் நாயை விடக் கூடாது. தை முதல் பங்குனி வரையிலான மாதங்களில் தனுஷ்கோடி உள்ளிட்ட மணற்கரைகளில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும். திரியும் நாய்கள் அந்தக் குழிகளைத் தோண்டி முட்டைகளைத் தின்றுவிடுகின்றன. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ள உயிர் அது. நம் நாயால் அதற்குக் கேடு வரக் கூடாது.

வெங்காயம் நாயின் இரத்த அணுக்களைச் சிதைக்கும் என்பதால் குழம்புச் சோறு போடாதீர்கள். உண்ணிக் காய்ச்சல் இந்தப் பகுதியில் நாய்களை வாட்டும் நோய். காது மடலிலும் விரலிடுக்கிலும் வாரந்தோறும் உண்ணி பாருங்கள். மூச்சிரைப்பு நிற்காமல் நாக்கு கருஞ்சிவப்பானால் அது வெப்பத் தாக்கு. உடனே உடம்பை நனைத்து, காற்றோட்டத்தில் படுக்கவைத்து, மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

தடுப்பூசியும் பொறுப்பும்

ஆறு முதல் எட்டு வார வயதில் பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசி தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறாவது வாரம் வரை தொடர வேண்டும். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பின்னர் ஆண்டுதோறும். அரசு கால்நடை மருத்துவமனைகளில் இவற்றைப் பற்றிக் கேட்கலாம். உலக வெறிநோய் தினமான செப்டம்பர் 28ஐ ஒட்டி இலவச முகாம்களும் நடக்கும். தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள்.

தடுப்பூசி போட்ட நாயே கடித்தாலும், பல் பதிந்த இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் காயத்தில் வைக்கக் கூடாது. தோலுக்குள் போடும் முறையில் முதல் நாளும், அதிலிருந்து 3, 7, 28ஆம் நாட்களிலும் ஊசி உண்டு; இரத்தம் வந்த காயத்துக்கு எதிர்ப்புப் புரத ஊசியும் சேரும். நாயைப் பத்து நாள் கட்டி வைத்துக் கவனிப்பது வழக்கம், ஆனால் அதன் முடிவுக்காகக் காத்திருந்து ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. உங்கள் கவனக்குறைவால் நாய் பிறரைக் கடித்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். வேலியில் தொங்கும் ‘நாய்கள் ஜாக்கிரதை’ பலகை அந்தப் பொறுப்பிலிருந்து உங்களை விடுவிக்காது.

பொருந்தாத நாய் என்று தெரிந்தால்

எல்லாம் கவனமாகச் செய்தும் சில நாய்கள் சில வீடுகளுக்குப் பொருந்துவதில்லை. வீட்டாரிடமே திடீரெனக் கோபம் காட்டத் தொடங்கினால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், ஏனெனில் காது வலி, மூட்டு வலி, உண்ணிக் காய்ச்சல் ஆகியவையும் அப்படிக் காட்டும். நாயைக் கொண்டுபோக முடியாத இடத்தில் இருப்பவர்கள் நடமாடும் கால்நடை மருத்துவ சேவையை 1962 என்ற எண்ணில் அழைக்கலாம். உடலில் குறையேதும் இல்லை, ஆனாலும் பிள்ளையைக் கண்டால் விறைத்து உறுமுகிறது என்றால், இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் அன்றிலிருந்தே இருவரையும் பிரித்துவையுங்கள். பிறகு பிள்ளைகள் இல்லாத, தோட்டமுள்ள வீடாகப் பார்த்து, நாய் எப்போது, யாரிடம், எதற்காகக் கோபப்பட்டது என்பதை ஒன்றையும் மறைக்காமல் சொல்லி, தடுப்பூசி அட்டையோடு ஒப்படையுங்கள். ஆளில்லாக் கரையிலோ தர்கா வாசலிலோ கோவில் தெருவிலோ இறக்கிவிட்டு வருவது விலங்கு வதைச் சட்டப்படி குற்றம். அந்த நாய் அடுத்துக் கடிக்கப்போவது அந்தத் தெருவில் விளையாடும் இன்னொருவர் பிள்ளையையே.